டிஸ்க் கையில் இருந்தும் கேம் ஓடாமல் போவது ஏன்? கன்சோல் கேம்களைப் பல வருடம் காப்பாற்றி வைக்கும் முறை

பிளேஸ்டேஷனோ ஸ்விட்ச்சோ எக்ஸ்பாக்ஸோ, எதை வாங்கினாலும் முதலில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கடையில் வாங்கும் டிஸ்க்கில், அது அச்சுக்குப் போன அன்று கேம் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலைதான் இருக்கும். அதற்குப் பிறகு திருத்திய பிழைகள், சேர்த்த பகுதிகள் எல்லாம் அப்டேட்டாக இணையம் வழியே வருகின்றன. அந்த அப்டேட்டைத் தரும் சர்வர் என்றாவது ஒருநாள் நிற்கும். நின்ற பிறகு உங்களிடம் மிஞ்சுவது டிஸ்க்கில் உள்ளதும், கன்சோலில் ஏற்கெனவே இறக்கி வைத்ததும்தான்.

இந்த இடைவெளி சில கேம்களில் மிகப் பெரியது. 2015-ல் வந்த டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 5 டிஸ்க்கில் பயிற்சிப் பகுதியும் ஸ்கேட் மைதானம் உருவாக்கும் பகுதியும் மட்டுமே இருந்தன. மீதி எல்லாம் முதல் நாள் அப்டேட்டில் வந்தது. 2018-ன் ஸ்பைரோ ரீஇக்னைட்டட் ட்ரிலஜி மூன்று கேம்களின் தொகுப்பு, ஆனால் இரண்டாவதையும் மூன்றாவதையும் விளையாட இணையத்திலிருந்து இறக்கியாக வேண்டும். 2020 டிசம்பரில் வந்த சைபர்பங்க் 2077, பிஎஸ்4-ல் (பிளேஸ்டேஷன் 4) ஓடிய லட்சணத்தைப் பார்த்து சோனியே தன் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. முதல் நாள் டிஸ்க்கை வாங்கி வைத்திருப்பவரிடம், இணையம் இல்லாவிட்டால், இருப்பது அந்தப் பழுதான 1.00 பதிப்புதான்.

டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று சோதிப்பது

இதை சர்வர் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும். ஏற்கெனவே இன்ஸ்டால் செய்த கேமை அழித்தால் அதன் அப்டேட்டும் சேர்ந்து போய்விடும். திரும்ப இறக்க முடியும் என்று தெரிந்த கேமில் மட்டும் சோதியுங்கள். பிளேஸ்டேஷனிலும் ஸ்விட்ச்சிலும் கேமை அழித்தாலும் சேவ் (எதுவரை விளையாடினீர்கள் என்ற பதிவு) தனியாக இருக்கும், அது போகாது.

பிஎஸ்4, பிஎஸ்5 என்றால்:

1. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் இணைய இணைப்பை அணையுங்கள். வைஃபை ரூட்டரை மட்டும் அணைத்துவிட்டு நம்பாதீர்கள். போனின் ஹாட்ஸ்பாட்டை முன்பு சேர்த்திருந்தால் கன்சோல் அதைப் பிடித்துக்கொள்ளும்.
2. டிஸ்க்கைப் போட்டு, கோப்புகள் முழுவதும் நகலாகி முடியும்வரை காத்திருங்கள். பாதி நகலானதுமே பல கேம்கள் தொடங்கிவிடும். அப்போது பார்ப்பது சரியான சோதனை ஆகாது.
3. கேமின் படத்தின் மேல் நின்று கன்ட்ரோலரின் ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தி, இன்ஃபர்மேஷன் என்பதைத் திறங்கள். பதிப்பு எண் 1.00 அல்லது அதை ஒட்டி இருந்தால் அது டிஸ்க்கில் அச்சான பதிப்பு.
4. கேமைத் தொடங்கி முதல் கட்டத்தைத் தாண்டி விளையாடிப் பாருங்கள். முதல் பகுதி மட்டும் டிஸ்க்கில் இருந்து, அடுத்த கதவருகே 'டவுன்லோட் முடியவில்லை' என்று நிற்கும் கேம்கள் இருக்கின்றன.

ஸ்விட்ச்சில் கேமின் படத்தின் மேல் நின்று ப்ளஸ் பட்டனை அழுத்தினால் பதிப்பு எண் தெரியும். பெட்டியின் அட்டையில் டவுன்லோட் தேவை என்று அச்சாகியிருந்தால், கார்ட்ரிட்ஜில் முழு கேம் இல்லை என்று பொருள். ஸ்விட்ச் 2-ல் இது இன்னும் ஒரு படி போய்விட்டது. 'கேம்-கீ கார்டு' என்று குறிப்பிட்ட பெட்டியில் இருக்கும் கார்டில் கேமே கிடையாது. கேமை இறக்க அனுமதிக்கும் சாவி மட்டும். அதை விற்கலாம், கடன் கொடுக்கலாம். ஆனால் சர்வர் நின்ற பிறகு வாங்கியவருக்கு அது வெறும் பிளாஸ்டிக். அதே ஸ்விட்ச் 2-க்கு வந்த சைபர்பங்க் 64 ஜிபி கார்ட்ரிட்ஜில் முழுவதுமாக இருக்கிறது. எனவே கன்சோலைப் பார்த்து முடிவு செய்யாமல், ஒவ்வொரு பெட்டியின் அடியில் உள்ள சிறு எழுத்தையும் படித்து வாங்குங்கள்.

எல்லாக் கேமையும் நீங்களே சோதிக்க வேண்டியதில்லை. டஸ் இட் ப்ளே என்ற தன்னார்வலர் குழு இணையம் இல்லாமல் டிஸ்க்கையும் கார்ட்ரிட்ஜையும் ஓட்டிப் பார்த்து முடிவுகளைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. வாங்குவதற்கு முன் அங்கே ஒருமுறை தேடுங்கள்.

அவசரம் இல்லாதவருக்கு எங்கள் யோசனை: ஒன்றிரண்டு வருடம் பொறுத்து, அப்டேட்டும் டிஎல்சியும் (தனியாக விற்கும் கூடுதல் பகுதிகள்) டிஸ்க்கிலேயே சேர்ந்து வரும் கம்ப்ளீட் எடிஷனை வாங்குங்கள். விலையும் குறைந்திருக்கும். ஆனால் அதிலும் சில பெட்டிகளில் பழைய டிஸ்க்கோடு, டிஎல்சியை இறக்குவதற்கான ஒரு குறியீடு அச்சிட்ட காகிதம்தான் இருக்கும். அந்தக் குறியீடு ஒருமுறைதான் செல்லும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் அது பயன்படுத்திய குறியீடாகத்தான் இருக்கும்.

அப்டேட்டை இறக்கி வைத்திருப்பது

கடைகள் மூடுவது கற்பனை அல்ல. நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கான ஆன்லைன் கடை 2019 ஜனவரி 30-ல் மூடியது. அதே நிறுவனத்தின் 3டிஎஸ், வீ யூ கன்சோல்களுக்கான ஈஷாப் என்ற ஆன்லைன் கடைகளில் விற்பனை 2023 மார்ச் 27-ல் நின்றது. அவற்றின் ஆன்லைன் ஆட்டம் 2024 ஏப்ரலில் நின்றது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29-ல் மூடியது. பிஎஸ்3, கையடக்க வீட்டா கன்சோல்களின் கடைகளை மூடுவதாக 2021 மார்ச்சில் சோனி அறிவித்தது, எதிர்ப்பு வந்ததும் அடுத்த மாதமே முடிவை மாற்றிக்கொண்டது. 3டிஎஸ், வீ யூ, 360 மூன்றிலும் கடை மூடிய பிறகும், ஏற்கெனவே வாங்கியதையும் அப்டேட்டையும் இறக்க வழி விட்டிருந்தார்கள். அந்த வழி எத்தனை நாள் என்பது அவர்கள் கையில். பழைய கன்சோல் வீட்டில் இருந்தால் இந்த வாரமே எடுத்து இணையத்தில் சேர்த்து, உள்ள ஒவ்வொரு டிஸ்க்கையும் ஒருமுறை போட்டு அப்டேட்டை வாங்கிவிடுங்கள்.

பிஎஸ்4-க்கு 250 ஜிபி முதல் 8 டிபி வரை யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் சேர்க்கலாம். அதிலிருந்தே பிஎஸ்4 கேம் ஓடும். பிஎஸ்5-லும் அதே அளவு யூஎஸ்பி டிரைவ் சேர்க்கலாம். ஆனால் பிஎஸ்5 கேம்களை அதில் சேமித்து வைக்க மட்டுமே முடியும், விளையாட உள்ளே நகர்த்த வேண்டும். அப்படி நகர்த்துவது 80, 100 ஜிபியை மறுபடி இறக்குவதைவிட எவ்வளவோ மேல். உள்ளே இடம் பற்றாமல் கேமை அழித்து அழித்து இறக்கும் பழக்கம்தான் பிற்காலத்தில் வினையாகும்.

ஸ்விட்ச்சில் இரண்டு விஷயம். மைக்ரோ எஸ்டி கார்டில் இருக்கும் கேம் அந்த ஒரு கன்சோலுக்கு மட்டும் பூட்டப்பட்டது. கார்டை கணினியில் போட்டு அப்படியே நகல் எடுத்து புதிய கார்டுக்கு மாற்றலாம், அதே கன்சோலில் ஓடும். கன்சோலை ஃபேக்டரி ரீசெட் செய்தாலோ வேறு கன்சோலில் போட்டாலோ ஓடாது. இரண்டாவது, பலருக்குத் தெரியாத ஒரு வசதி: கேமின் ஆப்ஷன்ஸில் சாஃப்ட்வேர் அப்டேட் என்பதற்குள் அருகில் உள்ளவர்களோடு பதிப்பைப் பொருத்திக்கொள்ளும் தெரிவு இருக்கிறது. இணையமே இல்லாமல் ஒரு ஸ்விட்ச்சிலிருந்து பக்கத்து ஸ்விட்ச்சுக்கு அப்டேட் போய்விடும். சர்வர் நின்ற பிறகு இந்த ஒரு வசதிக்காகவே பழைய ஸ்விட்ச்சை விற்காமல் வைத்திருக்கலாம்.

டிஜிட்டலாக வாங்கியவர்கள், தங்கள் கன்சோலைக் கணக்கின் முதன்மை கன்சோலாக இப்போதே பதிந்துகொள்ளுங்கள். பிஎஸ்4-ல் அக்கவுன்ட் மேனேஜ்மென்ட்டில் பிரைமரி என்பது, பிஎஸ்5-ல் கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே, எக்ஸ்பாக்ஸில் ஹோம் எக்ஸ்பாக்ஸ். இது இல்லாமல் இணையம் அறுந்தால் பூட்டுச் சின்னம் வந்து கேம் திறக்காது. கழற்றி மாட்டும் டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5-ல், டிரைவை முதன்முறை சேர்க்கும்போது இணையம் கட்டாயம். வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் உடனே மாட்டி ஒரு டிஸ்க்கை ஓட்டிப் பாருங்கள்.

கன்சோலின் சிஸ்டம் சாஃப்ட்வேரையும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்4-ன் ஹார்ட் டிஸ்க் செத்தால் 9.5 மில்லிமீட்டருக்குத் தடிமன் மிகாத 2.5 அங்குல சாட்டா டிஸ்க்கை மாட்டலாம், ஆனால் அதில் சிஸ்டத்தை முதலிலிருந்து போட வேண்டும். சோனியின் தளத்தில் இரண்டு கோப்புகள் இருக்கும்: சாதாரண அப்டேட் ஒன்று, ரீஇன்ஸ்டலேஷனுக்கான பெரிய கோப்பு ஒன்று. புது டிஸ்க்குக்குப் பெரியதுதான் வேண்டும். சிறியதை வைத்துக்கொண்டு 'ஏற்கவில்லை' என்று தவிப்பது அடிக்கடி நடப்பது. யூஎஸ்பி டிரைவில் கன்சோலின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் அப்டேட் என்ற ஃபோல்டர், இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

எல்லா அப்டேட்டும் நல்லதா? பெரும்பாலும் ஆம். ஆனால் அப்டேட் எடுத்துக்கொண்டும் போகும். 2008-ல் வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4-ன் ரேடியோப் பாடல்களுக்கான உரிமம் பத்து வருடத்தில் முடிந்ததால், 2018-ல் ஒரு அப்டேட் பல பாடல்களை நீக்கிவிட்டது. அப்டேட் செய்யாத டிஸ்க்கில் அவை இன்னும் ஒலிக்கின்றன. 2010 ஏப்ரலில் பிஎஸ்3-ன் 3.21 அப்டேட், அதில் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைப் போடும் வசதியையே எடுத்தது. இப்படிப்பட்ட கேம் உங்களிடம் இருந்தால் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட்டு, என்ன மாறுகிறது என்று படித்த பிறகு போடுங்கள்.

சேவ் தனிக் கதை

கேம் மறுபடி கிடைக்கும், 120 மணி நேரம் விளையாடிய சேவ் கிடைக்காது. பிஎஸ்4-ல் சேவ் கோப்பை யூஎஸ்பிக்கு நகலெடுக்கலாம். திரும்பப் போட அதே கணக்கு வேண்டும். பிஎஸ்5 கேமின் சேவ் கோப்பை மட்டும் தனியாக யூஎஸ்பிக்கு எடுக்க முடியாது. ஒன்று பிஎஸ் ப்ளஸ் சந்தா கட்டி கிளவுடில் வைக்க வேண்டும், அல்லது கன்சோல் முழுவதையும் பேக்கப் எடுக்க வேண்டும். அந்த முழு பேக்கப்பைத் திரும்பப் போடும்போது கன்சோலில் அப்போது இருப்பது எல்லாம் அழியும், இதை மறக்காதீர்கள். எக்ஸ்பாக்ஸில் கிளவுட் சேவ் இலவசம், தானாகவே நடக்கும். ஸ்விட்ச்சில் சேவ் கன்சோலின் உள்ளேதான் இருக்கும், எஸ்டி கார்டுக்குப் போகாது. கிளவுட் பேக்கப்புக்கு சந்தா வேண்டும், சில கேம்கள் அதையும் ஏற்பதில்லை. சந்தா முடிந்து 180 நாளுக்குள் புதுப்பித்தால்தான் பழைய பேக்கப் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

பேட்டரி, டிஸ்க், ஈரம்

பிஎஸ்4-ன் உள்ளே நேரத்தை நினைவில் வைக்க ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரி இருக்கிறது. அது செத்து, சர்வரோடும் பேச முடியாமல் போனால், பழைய சிஸ்டம் சாஃப்ட்வேரில் டிஸ்க் கேமே திறக்காது. டிராபி (கேமில் சாதித்ததற்குக் கிடைக்கும் விருது) பதிய நேரம் சரியாக இருக்க வேண்டும் என்பதே காரணம். 2021-ல் வந்த 9.00 சிஸ்டம் பதிப்பு இதைச் சரிசெய்தது. உங்கள் பிஎஸ்4 அதற்குக் கீழே இருந்தால் இன்றே ஏற்றுங்கள். ஸ்விட்ச்சை அலமாரியில் வைப்பதானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுங்கள். அடியோடு இறங்கிக் கிடந்தால் பேட்டரி பிறகு சார்ஜே ஏற்காமல் போகலாம்.

கேம்பாய் கலரின் போகிமான் கோல்டு, சில்வர் கார்ட்ரிட்ஜ்களில் சேவ் கோப்பையே ஒரு சிஆர்2025 பேட்டரிதான் தாங்குகிறது. பேட்டரி போனால் சேவும் போகும். மாற்றும்போது, உலோகக் கால்கள் பற்ற வைத்த பேட்டரியை வாங்கி சால்டரிங் செய்யுங்கள். டேப் ஒட்டி வைத்தது ஒருமுறை கீழே விழுந்தால் விலகிவிடும்.

டிஸ்க்கை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ப்ளூரேயில் தகவல் இருக்கும் அடுக்கு, பளபளக்கும் பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. டிவிடியில் அது 0.6 மில்லிமீட்டர், தட்டின் நடுவே. அதனால்தான் பிஎஸ்2 டிவிடியில் கீறலைத் தேய்த்து எடுக்க முடிகிறது. பிஎஸ்3, பிஎஸ்4 டிஸ்க்கைத் தேய்க்கும் மெஷினில் போட்டால் தகவலோடு சேர்ந்து போய்விடும். சிடியில் நிலைமை தலைகீழ்: தகவல் அடுக்கு மேலே, படம் அச்சான பக்கத்துக்கு நேர் கீழே. பிஎஸ்1 டிஸ்க்கின் படத்தில் பால்பாயின்ட் பேனாவால் பெயர் எழுதினால் கேமின் மேலேயே எழுதியதாகும். துடைக்கும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கம் நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம்.

டிஸ்க்குகளுக்கு ஆவணக் காப்பகங்கள் சொல்லும் அளவு 4 முதல் 20 டிகிரி வெப்பம், 20 முதல் 50 சதவீத ஈரப்பதம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அது நடக்காத காரியம். செய்யக்கூடியது: மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், டிஸ்க்கின் மேல் படாமல். நிறம் மாறினால் சூடாக்கி ஈரத்தை வெளியேற்றி மறுபடி பயன்படுத்தலாம். கார்ட்ரிட்ஜை வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் தாமிரத்தை அரிக்கும். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை பஞ்சுக் குச்சியில் தொட்டு உலோகப் பற்களைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் போடுங்கள்.

திருட்டு காப்பியில் என்ன பிரச்சினை

'கடையில் கிடைக்காத பழைய கேமை எங்கே போய் வாங்குவது?' என்ற கேள்வியில் நியாயம் உண்டு. 2010-க்கு முன் அமெரிக்காவில் வந்த கேம்களில் 87 சதவீதம் இப்போது விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் ஆய்வு வெளியிட்டது. பாதுகாப்பு என்பது நிஜமான தேவை. ஆனால் கடைக்காரர் ஜெயில்பிரேக் செய்து (கன்சோலின் பூட்டை உடைத்து) 'நூறு கேம் லோடு பண்ணித் தரேன்' என்று தரும் கன்சோல் அந்தத் தேவையைத் தீர்ப்பதில்லை. காரணம் தொழில்நுட்பத்திலேயே இருக்கிறது.

ஜெயில்பிரேக் ஒரு பழைய சிஸ்டம் பதிப்பில் இருந்த ஓட்டையை வைத்து வேலை செய்கிறது. அந்த ஓட்டை அடைபடாமல் இருக்க, கன்சோலை அதே பதிப்பில் நிறுத்தி வைக்க வேண்டும். புதிய கேம்களும் அவற்றின் அப்டேட்களும் புதிய சிஸ்டத்தைக் கேட்கும். ஆக, பைரசி கன்சோலில் இருப்பது அப்டேட் பாதியில் நின்றுபோன கேம்கள். டிஸ்க்கில் உள்ள 1.00-லிருந்து தப்பிக்க நினைத்தவர் 1.03-ல் மாட்டிக்கொள்கிறார்.

அடுத்தது தடை. ஒவ்வொரு ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜுக்கும் தனிச் சான்று எண் உண்டு. அதை நகலெடுத்து ஃப்ளாஷ் கார்டில் (கேம் நகல்களை ஏற்றி ஓட்டும் போலி கார்ட்ரிட்ஜ்) போட்டு இரண்டு பேர் இணையத்தில் வந்தால் நின்டெண்டோவுக்குத் தெரிந்துவிடும். 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்த சில வாரங்களிலேயே, ஃப்ளாஷ் கார்டு போட்ட கன்சோல்கள் 2124-4508 என்ற பிழை எண்ணோடு ஆன்லைனிலிருந்து வெட்டப்பட்டன. தடை கணக்குக்கு அல்ல, கருவிக்கு. அந்தக் கருவியை விஷயம் தெரியாமல் செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கு ஈஷாப்பும் கிடையாது, அப்டேட்டும் கிடையாது.

எனவே செகண்ட் ஹேண்ட் கன்சோல் வாங்கும்போது விற்பவரின் முன்னாலேயே உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து, ஆன்லைன் கடையைத் திறந்து, ஏதாவது ஒரு அப்டேட்டை இறக்கத் தொடங்கிப் பாருங்கள். 'வீட்டுக்குப் போய்ப் பாருங்க' என்றால் வாங்காதீர்கள். பிஎஸ்2 டிஸ்க்கின் அடிப்பக்கம் அசலில் வெள்ளி நிறம், சிடியாக வந்தவற்றில் நீலம்; ஊதா கலந்து தெரிந்தால் அது கணினியில் நகலெடுத்து எழுதிய டிவிடி. அதில் தகவல் சாய அடுக்கில் இருக்கிறது, வெயிலும் சூடும் பட்டால் மங்கும். நகல் டிஸ்க்கை ஓட்ட சிப் போட்ட கன்சோலோடு மார்க்கரில் பெயர் எழுதி வந்த டிஸ்க்குகள்தான் முதலில் சாகின்றன.

இலவச ஃபர்ம்வேர் (சிஸ்டம் சாஃப்ட்வேர்) என்று வரும் கோப்புகளில் வைரஸ் இருப்பதும் பழைய கதை. 2005-லேயே சோனியின் கையடக்க பிஎஸ்பிக்கு அப்படி ஒன்று வந்தது. சிஸ்டத்தைப் பழைய பதிப்புக்கு இறக்கும் என்று சொல்லி, சிஸ்டம் கோப்புகளை அழித்துக் கருவியை எதற்கும் உதவாத செங்கல்லாக்கியது.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் பிரிவு 52(1)(ஏஏ), சட்டப்படி வைத்திருக்கும் கணினி நிரலை இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான தற்காலிகப் பாதுகாப்பாக நகலெடுக்க அனுமதிக்கிறது. ஆனால் 2012-ல் சேர்த்த 65ஏ, உரிமையை மீறும் நோக்கத்தோடு, நகலெடுப்பதைத் தடுக்கும் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதற்கு இரண்டு வருடம் வரை சிறை என்கிறது. 63பி-ன்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே நிரலைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருடம் சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். விற்பவர்களுக்கு உலகெங்கும் பிடி இறுகுகிறது: ஸ்விட்ச் ஹேக் கருவிகள் விற்ற டீம் எக்செக்யூட்டர் குழுவைச் சேர்ந்த ஒருவருக்கு 2022-ல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது.

சர்வர் இல்லாமல் ஓடாத கேம்கள்

மேலே சொன்ன எதுவும் உதவாத வகை ஒன்று உண்டு. தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வர் 2024 மார்ச் 31-ல் நின்றதும், தனியாக விளையாடியவர்களின் டிஸ்க்கும் பயனற்றுப் போனது. அதிலிருந்து பிறந்ததுதான், விற்ற கேமை விளையாட முடியாமல் ஆக்கக் கூடாது என்று கேட்கும் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம். கான்கார்டு என்ற கேம் 2024 ஆகஸ்ட் 23-ல் வந்து செப்டம்பர் 6-ல் நின்றது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட கேமுக்கு டிஸ்க் வாங்கிச் சேர்ப்பதில் அர்த்தமில்லை. பெட்டியின் பின்னால் 'ஆன்லைன் இணைப்பு கட்டாயம்' என்று இருந்தால் அதை வாடகைக்கு எடுத்ததாக நினைத்து, அந்த அளவுக்கு மட்டும் செலவழியுங்கள்.

மீதி எல்லாக் கேமுக்கும் பெட்டிக்குள் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள். அதில் இருக்க வேண்டியவை: டிஸ்க்கில் உள்ள பதிப்பு எண், கன்சோலில் இருக்கும் அப்டேட் எண், எந்தக் கணக்கில் டிஎல்சி வாங்கியது (பாஸ்வேர்டு வேண்டாம்), கடைசியாகச் சேவ் பேக்கப் எடுத்த தேதி. பழைய கார்ட்ரிட்ஜ் என்றால் பேட்டரி மாற்றிய மாதமும். பென்சிலில் எழுதுங்கள், மாற்ற வேண்டியிருக்கும்.